பதினேழாவது வீடு

பங்குனியில் கடலோர ஊர்களின் பழைய வீடுகளையும் தோட்டங்களையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் அமலோற்பவத்தின் வீடு பதினேழாவது. நான்கு வருடங்களுக்கு முன்பே சுவர்களையும் கூரையையும் கடல் கொண்டுபோயிருந்தது. தேக்கு நிலையும் இரட்டைக் கதவும் மட்டும் மணலில் நின்றன. இது தெரியவந்ததும், பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட, பயணத்தின் பொறுப்பாளர் சபாநாயகம் பயணிகள் நாற்பது பேருக்கும் முன்னால் விறுவிறுவென்று வந்தார். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நிலையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

“என்ன சார், செவத்துக்குள்ள பூந்து வாறீய? வாசல் அங்கன இருக்கு” என்றாள், உள்ளே நின்ற அமலோற்பவம்.

“வீடே இல்லையேம்மா!”

“வெளிய நின்னு பாத்தா எப்படித் தெரியும்?”

அதற்குள் பயணிகளில் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள். அமலோற்பவம் தாழை நீக்கினாள். நாற்பது பேரும் தலை குனிந்து, வலது காலை வைத்து, ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள்.

“இது நடுவீடு. இது அடுப்படி, பாத்து வாங்க.” அவர்கள் பார்த்து வந்தார்கள். பின்கட்டு இருந்த இடத்தில் அடம்புக்கொடி படர்ந்து ஊதாவாகப் பூத்துக் கிடந்தது. “இதான் தோட்டம். எடுத்துக்கிட்டுப் போன கடலே நட்டுக் குடுத்தது.”

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும்.

சபாநாயகம் பேனாவை மூடினார். வந்த வழியே சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், நாற்பது ஜோடிச் செருப்புகளுக்குக் கடைசியில் தன்னுடையதையும் கழற்றி வைத்தார். விரியத் திறந்திருந்த கதவைத் தட்டினார்.