அஞ்சு வரைக்கும் போகட்டும்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

ஆஸ்பத்திரி நோயாளிகளின் காய்ச்சலைக் கோடாகப் போட்டுக் காட்டும் மென்பொருள் அது. அதில் வரைபடம் போடும் பகுதிக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது. பழைய படத்தையும் புதுப் படத்தையும் கணினி புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று சொல்லும். ஒரு சதவீதம் தாண்டினாலே சிவப்பு. சோதனை பார்க்கும் பெண் காலையிலிருந்து சிவப்பையே பார்த்துக் கண் பூத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய அக்கா மறுபடியும் ஃபோன் செய்தாள். "ஏண்டி, சாயங்காலம் விமானம் ஏறிடுவேன். இனி எப்ப வருவேனோ. வழியனுப்ப வர்றியா, இல்ல போட்டோவுல பாத்துக்கிறியா?"

"வந்துடுறேன்க்கா. இந்தச் சனியன் பச்சை காட்ட மாட்டேங்குது."

மேலாளர் எட்டிப் பார்த்தார். "எவ்வளவும்மா வித்தியாசம்?"

"எல்லாத்துலயும் நாலு சதவீதம் சார். ஒவ்வொரு படமா திறந்து பாக்கணும்."

"எழுத்து ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும். நாலுக்கெல்லாம் அசராதம்மா. அஞ்சு வரைக்கும் போகட்டும்னு மாத்திட்டுக் கிளம்பு."

மாற்றினாள். எல்லாம் பச்சையானது. 'புதுப் பதிப்பு பழையபடியே படம் போடுகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டு ஓடினாள். அக்காவைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு நேரம் கிடைத்தது.

வெள்ளைத் திரையில் ஒரு காய்ச்சல் படத்தின் கோடும் எழுத்தும் சேர்ந்து அடைக்கும் இடமே நாலு சதவீதம்தான். புதுப் பதிப்பு வெறும் வெள்ளைத் திரையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.