எலியா, மனுசனா?

மூளையைப் பற்றி பிஎச்.டி. செய்ய இலக்கியாவை இரண்டு பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக் கூப்பிடுவதாக, அவள் அம்மா சொர்ணவல்லி பாதிப் புதுக்கோட்டைக்குச் சொல்லி முடித்திருந்தாள். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு பரக்கத் நிஷா தீர்ப்புச் சொல்லவே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணு உளவியல் துறை அக்கா, மனுசங்கள வச்சு ஆராய்ச்சி. இன்னொண்ணு உயிரியல், எலிய வச்சு. எலின்னாலே எனக்குக் குலை நடுங்குது,” என்றாள் இலக்கியா.

“உளவியல்னா பைத்தியக்கார டாக்டரும்பாக. எவன்டி ஒன்னயக் கட்டுவான்? எலி பழகிரும். உயிரியல்லயே சேத்து விடு சொர்ணம்!” என்றாள் பரக்கத் நிஷா.

“அப்ப அதுதான்,” என்று எழுந்த சொர்ணவல்லி, சுடச்சுடக் கேசரி கொண்டுவந்தாள்.

இலக்கியா கேசரியைத் தள்ளி வைத்தாள். எலி என்றதும் எல்லோரும் முகம் சுளித்து உளவியலுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்தாள். வீட்டில் அவள் மறைத்துவிட்டாளே தவிர, உயிரியல் துறைதான் போன வாரமே இடமில்லை என்று கைவிரித்துவிட்டதே!