செட்டிங்

ரத்தம் எடுக்கும் அறையில் பிரஸ் ஆபரேட்டர் வலது கையை மேஜைமேல் நீட்டியிருக்கிறான். இடது கை முழங்கையோடு முடிந்துவிடுகிறது. மிச்சத்தைப் பத்து மாதத்துக்கு முன் தகடு அழுத்தும் இயந்திரம் வாங்கிக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் எட்டு மாத வயிற்றோடு அவன் மனைவி. ஜன்னல் வெயில் ஊசி நுனியில் ஒரு பொட்டாக நின்று நடுங்குகிறது. "பெரிய அடி பட்டா மரபணு மாறாதுங்க," என்கிறாள் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்கும் நர்ஸ். "எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அதுமேல சின்னச் சின்ன அடையாளம் இருக்கும். அது மாறலாம். அதைத்தான் பாக்குறோம்." அவன் தலையாட்டுகிறான். "மெஷின் அதேதான். செட்டிங் மாறிடுச்சு." சொல்லிவிட்டு அவனே சிரிக்கிறான். மனைவி நர்ஸ் பக்கம் திரும்புகிறாள். "அந்த செட்டிங் பிள்ளைக்கும் போகுமா?" "மனுஷங்க விஷயத்துல இன்னும் உறுதியாத் தெரியலைங்க." நர்ஸ் குழாயில் ஏறும் ரத்தத்தைவிட்டுக் கண்ணெடுப்பதில்லை. மனைவி விரல்விட்டு மாதங்களை எண்ணுகிறாள். கரு தங்கியது விபத்துக்குப் பிறகுதான். எத்தனை முறை எண்ணினாலும் பிறகுதான். அடுத்த அறையில் இரும்புத் தட்டு ஒன்று தடாலென்று விழுகிறது. அவனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. இல்லாத கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான். அதே கணத்தில் அவள் வயிறும் துள்ளுகிறது. நெற்றி வியர்வையோடு அவன் திரும்புகிறான். "பிள்ளை பயந்துடுச்சா?" அவள் வயிற்றின்மேல் கையை அழுத்தி வைத்திருக்கிறாள். உள்ளங்கைக்குக் கீழே ஒரு குட்டிக் குதிகால் இன்னும் உதைத்துக்கொண்டிருக்கிறது. "இல்ல," என்கிறாள். "நல்லாத் தூங்குது."