இன்னும் காயவில்லை

“ஒரு கிட்டாருக்கு எட்டு மாசமா பெயிண்ட் அடிக்கியா தம்பி? இதுக்குள்ள ஒரு பஸ்ஸையே அடிச்சு முடிச்சிருக்கலாம்!”

விக்டோரியா பட்டறைக்குள் நுழையும்போதே தொடங்கிவிட்டாள். பின்னால் மருமகள் ஷெர்லி தலைகுனிந்து நின்றாள்.

பொன்னுலிங்கம் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தான். “பஸ்ஸுன்னா ரெண்டு கோட்டுல மூடிரலாம்க்கா. லிஜோ கேட்டது அப்பிடியா? நடுவுல தேன் கலரு, வெளிய வர வர சிவப்பு, விளிம்புல கறுப்பு. எத்தனை கோட் அடிச்சாலும் நடுவுல மரத்தோட ரேகை தெளிவாத் தெரியணும். இந்த மழை ஈரத்துல மேல்பூச்சு வெள்ளையாப் பூத்துருது. தேய்ச்சு எடுத்துட்டு மறுபடியும் அடிக்கேன்.”

“அவன் வந்து நின்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

பொன்னுலிங்கம் ஸ்ப்ரே கன்னின் முனையைத் துடைக்கத் தொடங்கினான்.

கோயில் பாட்டுக் குழுவில் வாசிக்கிற எலக்ட்ரிக் கிட்டாரை, கிறிஸ்துமஸுக்குள் புதுசாக்கித் தரச் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனவன் விக்டோரியாவின் மகன் லிஜோ. கார்த்திகைப் புயலில் அந்தப் படகின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. இறந்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசையை அவனுக்கும் வைத்துவிடலாம் என்று பங்குச் சாமியார் சொன்னபோது விக்டோரியா ஒரே பிடியாக நின்றாள். கிட்டார் வீட்டுக்கு வரட்டும், அதற்குள் அவன் வராவிட்டால் பூசை. அன்றிலிருந்து மாதம் தவறாமல் இங்கே இந்தச் சண்டை.

“வெயில் வரட்டும்க்கா.”

“வெயில் வரும். நீ முடிக்க மாட்ட.”

முனகிக்கொண்டே, பஸ் வருகிறதா என்று பார்க்க அவள் வெளியே போனாள். ஷெர்லி கிட்டே வந்தாள்.

“ஒருக்கா காட்டுங்கண்ணே.”

பொன்னுலிங்கம் மூலையில் கிடந்த துணியை விலக்கினான். வேலை முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. தேன் நிறத்துக்கு அடியில் மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. ஓரத்துக்குப் போகப் போக நிறம் எங்கே மாறியது என்று சொல்ல முடியாது. அவன் கை செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்; வெளியே காட்டத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ஷெர்லி விரலால் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. “இப்பிடித்தான் கேட்டாவ.”

“இன்னும் எத்தனை நாளைக்கு பிள்ளே மறைக்கது?”

“அவிய வர மாட்டாவன்னு எனக்குத் தெரியும்ணே. மாமிக்கு இந்தக் கிட்டார் ஒண்ணுதான் பிடி. இது வீட்டுக்கு வந்தா மறுநாளே பூசை. மாமி தாங்க மாட்டாவ. இன்னும் காயல்லன்னே சொல்லுங்க.”

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். ஒரு பூசையைத் தள்ளிப்போட எத்தனை பொய் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. பொன்னுலிங்கம் தலையாட்டினான்.

ரோட்டில் இராஜாக்கமங்கலம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஷெர்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

“குடைய விட்டுட்டேன். பஸ்ஸ நிறுத்தச் சொல்லு மக்களே” என்று மருமகளை ஏற்றிவிட்டு, விக்டோரியா மட்டும் பட்டறைக்குத் திரும்பி வந்தாள். பொன்னுலிங்கம் அவசரமாகத் துணியை இழுத்து மூடினான்.

“அடுத்த மாசம் கண்டிப்பா...”

அவள் காதில் வாங்கவில்லை. நேராக மூலைக்குப் போனாள். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கறுத்த விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு, துணியை அதன்மேல் இழுத்துவிட்டாள்.

“நல்லா மூடி வையி தம்பி. போன மாசமும் இப்பிடித்தான் விலகிக் கெடந்துது. நல்லகாலம், நான் மட்டுந்தான் பாத்தேன். முடிஞ்சிட்டுன்னு தெரிஞ்சா ஷெர்லி தாங்க மாட்டா.”