குறுக்கு வரப்பு

ஒரு கைப்பிடி மண்கூடப் போகவில்லை.

விடிந்த பிறகும் விடாத மழையில் நின்று கிட்டுசாமி தன் சோளக்காட்டைப் பார்த்தார். சரிவுக்குக் குறுக்கே ஆறு வரப்புகள். அவை கரையாமலிருக்க மேலே கொழுக்கட்டைப் புல். வேர் பிடிக்கவே நான்கு வருடம் ஆனது. டிராக்டர் திரும்ப இடமில்லை என்று உழ வந்தவர்கள் முணுமுணுத்தபோதும் ஒரு வரப்பைக்கூட அவர் எடுக்கவில்லை. சோளத்தட்டில் பாதியை மாட்டுக்குப் போடாமல் மண்ணுக்கு மூடாக்காகப் பரப்பினார்.

பக்கத்துக் காடுகளில் செம்மண் கரைந்து ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே வரப்புகள் தண்ணீரைத் தேக்கி நிறுத்தியிருந்தன.

தேங்கிய தண்ணீர் ஊதா நிறத்தில் இருந்தது.

மேல்கோடியில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது. சாயக்கழிவு.

அப்படியே தேங்கவிட்டால் மண்ணுக்குள் உப்பு இறங்கும். பிறகு புல்கூட முளைக்காது. வரப்பை வெட்டிவிட்டால் நான்கு வருடமாகக் காத்த மேல்மண்ணும் சேர்ந்து போய்விடும்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கடைசி வரப்புக்குப் போனார். கீழ்க்காட்டுக் கருப்பாத்தாள் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு வரப்பின்மேல் நின்றிருந்தாள்.

"வெட்டீராதீங்க சாமி. மூணு வருசமா நாறிக் கெடந்த எங்க கெணறு, இப்பத்தானுங்க தெளிஞ்சு வருது. எந்தப் புண்ணியவான் ஓடையில உடறானோ..."

அவரால் மண்வெட்டியை ஓங்கவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஈரக் கை பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது. மகன் நித்தீஷ்.

"அப்பா, இன்னொரு டேங்க் மிச்சமிருக்குதுங்க. ஓடையில தண்ணி வேகமாப் போகுதுங்களா?"

ஒவ்வொரு பெருமழைக்கும் தன் சாயப்பட்டறையிலிருந்து அவன் கேட்பதுதான். இவரும் குடை பிடித்துக்கொண்டு கரை வரை போய்ப் பார்த்துவிட்டு, போகுது கண்ணு, தொறந்து உடு என்று சொல்வதுதான்.

இன்று ஊதாத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூடு கண்ணு. நம்ம காட்டுக்குள்ள வந்துருச்சு."

கருப்பாத்தாள் அவர் முகத்தையே பார்த்தாள். சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கி, அவருக்கு வழிவிட்டு நின்றாள்.