மிச்சப் பஞ்சு

ஸஜ்ஜாத் எழுதும் கதைகளில் ஆட்கள் காரணமில்லாமல்தான் கொலையாவார்கள். கேட்டால், "வாழுறதுக்கு மட்டும் காரணம் இருக்கா?" என்பார். நேற்று முடித்த கதையில், கிண்ணியாப் பாலத்தில் ஒருவனை மீன் வெட்டும் கத்தியால் பன்னிரண்டு குத்துக் குத்திக் கொன்றிருந்தார். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

காலையில், பள்ளிவாசலில் இறந்தவர்களின் மையித்தைக் குளிப்பாட்டும் தாஹிர் காக்கா வந்தார். சட்டைக் கையெல்லாம் இரத்தம்.

"பாலத்தில குத்துப்பட்டுக் கிடந்தவரக் குளிப்பாட்டிட்டு வாறன் தம்பி. காயம் பதினொண்டுக்கும் பஞ்சு வெச்சு அடைச்சிட்டன். பன்னிரண்டாவத எங்க குத்தினீங்க?"

ஸஜ்ஜாத் கதைத் தாளைப் புரட்டிப் பார்த்தார். "பிடரியில."

"அவருக்கு அங்க ஒண்டும் இல்லையே."

ஸஜ்ஜாத்தின் சட்டைக் கழுத்து பின்புறம் மெல்லச் சிவப்பாய் நனையத் தொடங்கியது.

தாஹிர் காக்கா அவர் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, மிச்சப் பஞ்சை எடுத்தார்.

"கொஞ்சம் குனியுங்க தம்பி."