வழியனுப்பியவர்

“போகாம இருந்துடாதீங்க டாக்டரம்மா! இந்த மாதிரி வாய்ப்பெல்லாம் வீடு தேடி வராது.”

பல் டாக்டர் சான்ட்ராவுக்காக இப்படி வரிந்துகட்டிக்கொண்டு பேசினார் நடராசன். உண்மையில் அவர் பேசியது தன் கடைவாய்ப்பல்லுக்காக. வருகிற வியாழக்கிழமை அதைப் பிடுங்குவதாக ஏற்பாடு. வயலில் நல்ல பாம்பு குறுக்கே வந்தாலும் நின்று வழிவிட்டுப் போகிற மனுஷன்தான். ஊசி என்றால் மட்டும் உள்ளங்கால்வரை வேர்த்துவிடும். இதே கிளினிக் நாற்காலியிலிருந்து மூன்று தடவை இறங்கி ஓடியிருக்கிறார். திருவிடைமருதூர் கீழவீதி முழுக்க அந்தக் கதை பிரசித்தம்.

இன்று வலி மாத்திரை வாங்க வந்த இடத்தில், மங்களூரில் நடக்கும் ஐந்து நாள் பயிற்சிக்குப் போவதா வேண்டாமா என்று டாக்டரம்மா கணவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அதுவும் வியாழக்கிழமை தொடங்குகிறதாம்! கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால் விடுவாரா?

“அதெல்லாம் ஆன்லைன்லயே இருக்குங்க ஐயா” என்றார் கணவர் அருள்பிரகாஷ். “அஞ்சு நாள் கிளினிக்கைப் பூட்டினா, பஸ் ஸ்டாண்டுகிட்ட புதுசா வந்திருக்கிற பல் ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் போயிடுவாங்க.”

“யாரு போனாலும் நான் போக மாட்டேன்!” இதைச் சத்தியமாகவே சொன்னார் நடராசன். “தம்பி, ஒற்றை நாற்று நடவைப் பார்க்க நான் புதுச்சேரிக்குப் போனப்ப ஊரே சிரிச்சுது. அங்க வயல்ல இறங்கி, நாத்தைக் கையில பிடிச்சு, திட்டு வாங்கிக் கத்துக்கிட்டு வந்தேன். அறுப்புல சிரிச்ச வாயெல்லாம் மூடிக்கிச்சு. போனைப் பார்த்தா நடவு வருமா? அதோட, மூணு வருஷமா டாக்டரம்மா கும்பகோணத்தைத் தாண்டலை. வீடு, குழந்தை, இல்லாட்டி அடுத்தவன் வாய். நாலு ஊரு மனுஷங்களைப் பார்த்தாத்தானே முகத்துல ஒரு தெளிவு வரும்?”

சான்ட்ராவுக்குக் கண் கலங்கிவிட்டது. அருள்பிரகாஷ் தலையைச் சொறிந்தார்.

“சரி, போயிட்டு வா. குழந்தையை நான் பார்த்துக்கறேன்.”

“ரொம்ப தேங்க்ஸ்ங்க ஐயா! இந்தப் பயிற்சி எதைப் பத்தின்னா...”

“சொல்லாதீங்கம்மா, சொல்லாதீங்க! வெளியே கிளம்புறவங்களை எங்க, எதுக்குன்னு நோண்டினா போற காரியம் தடைபடும்.”

வீடு திரும்பும்போது நடராசனுக்கு வாயில்தான் வலி. மனசில் ஒரே கொண்டாட்டம்.

ஆனால், டாக்டரம்மா ஊர் திரும்பியபின் வந்த வியாழக்கிழமை அவர் மனைவி மங்களாம்பிகை விடவில்லை. கையோடு இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

சான்ட்ரா ஆளே மாறியிருந்தாள். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“கண்ணை மூடிக்குங்க ஐயா, வாயை நல்லாத் திறங்க. ஈறுல கொஞ்சம் மருந்து தடவுறேன்” என்றவள் அப்படியே பேச்சை ஆரம்பித்தாள். அசாம் டாக்டர் ஒருத்தி தோழியானது, ரெண்டு பேரும் விடியற்காலையில் கடற்கரையில் நடந்தது, அறுபத்தெட்டு வயது டாக்டர் ஒருவர் முதல் வரிசையில் உட்கார்ந்து மாணவன் மாதிரி சந்தேகம் கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நடுநடுவே அவர் கன்னத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டும் இருந்தாள். கதை கேட்ட சுகத்தில் நடராசன் வந்த காரியத்தையே மறந்துவிட்டார்.

பேச்சு நின்றதும்தான் பகீரென்றது.

“டாக்டரம்மா, ஊசியை இன்னொரு நாள் வச்சுக்கலாமே?”

“அதைப் போட்டு அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க ஐயா.”

நடராசன் கன்னத்தைத் தடவினார். கன்னம் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

“எ... எப்படிம்மா?”

“இதைக் கத்துக்கத்தானே மங்களூர் போனேன்! இந்தப் பயிற்சி எதுக்கு வேணும்னு விண்ணப்பத்துல கேட்டிருந்தாங்க. ஊசிக்குப் பயந்து மூணு தடவை ஓடிப்போன பெரியவர் ஒருத்தர் இருக்காருன்னு எழுதினேன், உடனே இடம் கொடுத்துட்டாங்க” என்றபடி குறடைக் கையில் எடுத்தாள் சான்ட்ரா. “அன்னிக்கு நீங்க மட்டும் எனக்காகப் பேசலைன்னா நான் போயே இருக்க மாட்டேன். எங்க, வாயைத் திறங்க!”